மாஸ்டர் விழாத ஆறு வருஷம்

மாஸ்டர் சும்மா கையை நீட்டினாலே எதிரில் நிற்கிறவர் பறந்துபோய் விழுவார் என்பது அந்த வட்டாரத்தில் பால் போடுகிறவர் வரைக்கும் தெரிந்த செய்தி. பறப்பது என்றால் கொஞ்சநஞ்சமாக இல்லை. மின்விசிறிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு வட்டமடித்து, போகிற வழியில் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்துக்கொண்டு, நிதானமாக இறங்கி, உருண்டு எழுந்து, தலைமுடி கலையாமல் மாஸ்டரைப் பார்த்து வணங்குவார். கீழ்த்தளத்தில் டயர் கடை வைத்திருந்தவர், திங்கள், புதன், சனி மாலைகளில் தலைக்கு மேல் தொம்மென்று சத்தம் கேட்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்து, "இன்னைக்கு எத்தனை பேர் மிச்சமோ" என்பார். டயர் வாங்க வந்தவர்கள் பேரம் பேசுவதையே மறந்துவிடுவார்கள்.

பகலில் மாஸ்டர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிஃப்டுகள் அவர் குரலைக் கேட்டால்தான் அசையும். மீதிப் பாதி அவர் திட்டினால்தான் அசையும். ஐம்பத்தாறு வயது. மாலையில் கிரீஸ் கையைக் கழுவிவிட்டு, மடிப்பு மடிப்பான கறுப்பு ஹகாமாவைக் கட்டிக்கொண்டு மெத்தை விரித்த கூடத்தில் வந்து நின்றால் ஆளே வேறு. அந்த ஜப்பானிய உடையை அவர் மனைவி இருபது வருடமாகப் பாவாடை என்றுதான் சொல்லிவந்தாள். "உங்க பாவாடை காஞ்சிருச்சு, எடுத்துட்டுப் போங்க" என்று மொட்டைமாடியிலிருந்து அவள் குரல் கொடுத்தால் நாலு தெரு தள்ளி இருப்பவர்களுக்கும் அன்றைக்கு வகுப்பு உண்டு என்று தெரிந்துவிடும்.

அவர் சொல்லித் தந்தது அய்கிடோ. அதில் குத்து கிடையாது, உதை கிடையாது. பிடிக்க வருகிறவனின் வேகத்தை வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, அவனுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது. எறிகிறவர் ஒருவர், விழுகிறவர் ஒருவர் என்று ஜோடியாகத்தான் பழக வேண்டும். மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினால், முறுக்கும் கையோடு மொத்த உடம்பும் போய்விட வேண்டும். போகாவிட்டால் எலும்பு போய்விடும். ஆகவே விழுவது என்பது பாதிப் பாடம். நாலு முறை எறிந்தவர் அடுத்த நாலு முறை விழுந்தாக வேண்டும். இதில் மாஸ்டர், மாணவர் என்ற பேதமே இல்லை. சொல்லப்போனால் மாஸ்டர்தான் அதிகம் விழ வேண்டும். எறிந்தது சரியா தப்பா என்பது விழுகிற உடம்புக்குத்தானே தெரியும்.

இந்த மாஸ்டர் விழுந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

ஆறு வருடத்துக்கு முன் ஒருநாள் வேலையில், லிஃப்டுக்குக் கீழே இருக்கும் குழியில் கால் தவறி விழுந்துவிட்டார். ஆழம் நாலடிதான். அந்த நாலடியை அவர் நாற்பதடி என்று சொன்னதுண்டு. அப்போது கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரும் அளவு நாடா வைத்திருக்கவில்லை. இடுப்பு இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. பயம் சரியாகவில்லை. குனிந்து தரையைப் பார்த்தாலே கை சுவரைத் தேடியது. ஊருக்கெல்லாம் விழச் சொல்லித் தருகிறவருக்கு விழப் பயம் என்று வெளியே சொன்னால் டயர் கடைக்காரரே சிரிப்பாரே. அதனால் நாலு முறை எறிந்ததும் டப்பென்று கையைத் தட்டி, "சரி, எல்லாரும் ஜோடி சேருங்க" என்று சொல்லிவிடப் பழகிக்கொண்டார்.

அந்த நாலு முறையும் விழுகிற ஆள் எப்போதும் ஒருத்திதான். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள், நாற்பத்து நாலு வயது. விழுந்தால் துளி சத்தம் வராது என்பதால் மாஸ்டர் அவளுக்குப் பஞ்சு என்று பெயர் வைத்திருந்தார். மாஸ்டர் கண்ணால் ஒரு ஜாடை காட்டுவார், பஞ்சு வந்து நிற்பாள், அவள் மணிக்கட்டை அவர் தொட்டதுதான் தெரியும், ஆள் காற்றில் இருப்பாள். விழுவாள், எழுவாள், அடுத்ததற்காகக் கையைத் தளர விட்டுக்கொண்டு காத்து நிற்பாள். வகுப்பில் மொத்தம் ஒன்பது பேர். நாலு ஜோடி போக மிச்சமாகிற பஞ்சு மாஸ்டருக்கே ஜோடி. ஆக, வகுப்பு முழுவதும் விழுவாள். ஏழு வருடத்தில் ஒரு நாள் விடுப்பு எடுத்ததில்லை. போன வருடம் கறுப்பு பெல்ட்டும் வாங்கினாள். அந்தத் தேர்வில் அவள் யாரை எறிந்தாள் என்று கேட்காதீர்கள். மாஸ்டரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்ட பஞ்சு ஒரு சனிக்கிழமை வரவில்லை.

மாஸ்டர் பத்து நிமிடம் வாசலைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல், வரிசையில் இருந்த மச்சினனைக் கூப்பிட்டார். அவர் மனைவியின் தம்பி, அதே ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். பீரோவுக்குக் கைகால் முளைத்தது போன்ற உடம்பு. மாஸ்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தன் புகழ்பெற்ற சுற்றைச் சுற்றினார். மச்சினன் நின்றான். மறுபடி சுற்றினார். மச்சினன் இன்னும் நன்றாக நின்றான்.

"மாமா, எப்ப விழணும்?" என்று காதோடு கேட்டான். "சொன்னீங்கன்னா விழுந்துடறேன்."

"இப்ப விழுடா."

மச்சினன் விழுந்தான். டயர் கடையில் அடுக்கி வைத்திருந்த டயர்களில் ஒன்று கழன்று சாலையைக் கடந்து எதிர்த்த மருந்துக் கடை வரை உருண்டது என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். மாஸ்டர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு தண்ணீர்க் குடத்தின் பக்கம் போனார். மச்சினனும் முழங்கையைத் தேய்த்தபடி பின்னாலேயே வந்தான்.

"பஞ்சு இனிமே வரமாட்டாங்க போல மாமா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் முழிச்சுட்டு இருக்கேன்."

"என்னடா ஆச்சு?"

"வியாழக்கிழமை சாயங்காலம் அவங்களும் அவங்க அக்காவும் பஸ்ஸ விட்டு இறங்கி நடந்து வந்திருக்காங்க. ஒருத்தன் வந்து பஞ்சு மணிக்கட்டைப் பிடிச்சு முறுக்கியிருக்கான். பையைப் பிடுங்கறதுக்காக."

மாஸ்டரின் நெஞ்சு நிமிர்ந்தது. அந்த ஒரு நொடியில் திருடனின் கதியை நினைத்து அவர் பரிதாபம்கூடப் பட்டுவிட்டார். "அவன் இப்ப எந்த வார்டுல இருக்கான்?"

"அவன் எங்க இருக்கானோ யாருக்குத் தெரியும். பஞ்சு விழுந்துட்டாங்க மாமா."

"விழுந்துட்டாளா?"

"அழகா விழுந்திருக்காங்க. அவன் முறுக்கின உடனே காத்துல ஒரு சுத்து, தரையில ஒரு உருள். ஒரு கீறல் இல்ல. பஸ் ஸ்டாப்புல நின்னவங்க சினிமா ஷூட்டிங்னு நெனச்சுக் கை தட்டினாங்களாம். திருடனே பயந்து போய்த் தன் கையைப் பாத்துக்கிட்டானாம், எனக்கு இவ்ளோ சக்தியான்னு."

மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார். மச்சினன் சிரிக்கவில்லை.

"அப்புறம் எழுந்து நின்னிருக்காங்க. கையைத் தளர விட்டுக்கிட்டு. வகுப்புல நிப்பாங்களே, அடுத்ததுக்கு, அப்படி. அவன் திரும்பி அக்கா பையைப் பிடிச்சிருக்கான். அக்கா விடல. தரதரன்னு இழுத்துத் தள்ளிட்டான். அவங்களுக்கு விழவா தெரியும், கையை ஊனிட்டாங்க. வலது மணிக்கட்டு ரெண்டு இடத்துல போச்சு. நான்தான் வண்டி ஓட்டிட்டுப் போனேன். எக்ஸ்ரே யாரு எடுத்தாங்கன்னு நெனைக்கிறீங்க?"

மாஸ்டருக்குக் கேட்கத் தேவைப்படவில்லை. அக்கா தைக்கிறவள் என்பதும், அப்பா அம்மா இல்லாத அந்த வீட்டில் பஞ்சுவை வளர்த்துப் படிக்க வைத்தது அந்தத் தையல் மிஷின்தான் என்பதும் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அவர் குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, குடிக்காமல், திரும்பக் குடத்திலேயே ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரு காட்சி அவரை விட்டு அகலவில்லை. பஞ்சு எழுந்து காத்து நின்றதாகச் சொன்னானே, அந்த நிற்பு. அதை அவளுக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். விழு, எழு, நில், நான் கூப்பிடும் வரை காத்திரு. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவளுடைய உடம்பு ஒருநாளும் யோசிக்க வேண்டி வந்ததே இல்லை. அந்தப் பாதிப் பாடத்தை அவர் கையைத் தட்டித் தட்டி விழுங்கியிருந்தார். ஒரு வகுப்புக்குப் பத்து ஜோடிப் பயிற்சி, வாரத்துக்கு மூன்று வகுப்பு, ஆறு வருடம் என்று பெருக்கிப் பார்த்தார். வந்த தொகையைப் பார்த்ததும் பெருக்கலில் பிழை இருக்கும் என்று மறுபடி பெருக்கினார். பிழை இல்லை.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனார். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டார். தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது. நாலு வார்த்தைதான், ஒரு லிஃப்ட் கதவு திறந்து மூடுவதற்குள் சொல்லிவிடலாம்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு கட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். கதவுக்கு மேல் சிவப்பு பல்பு அணைந்ததும் பஞ்சு எட்டிப் பார்த்தாள். கனத்த ஈய அங்கி அவள் தோளை இன்னும் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. மாஸ்டரைப் பார்த்ததும் அங்கியோடு குனிந்து வணங்கினாள். பெஞ்சில் இருந்த ஏழெட்டுப் பேரும் இவர் பெரிய டாக்டர் போலிருக்கிறது என்று எழுந்து நின்றார்கள்.

"நானே வரலாம்னு இருந்தேன் மாஸ்டர்," என்றாள். "உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

"அப்படியெல்லாம் இல்லம்மா..."

"ஏழு வருஷம் சொல்லிக் குடுத்தீங்க. ஒருத்தன் கையைப் பிடிச்சதும் ஒண்ணும் வரல. அக்காவை இழுக்கறான், நான் நின்னு பாத்துட்டு இருக்கேன். நான் பயந்தாங்கொள்ளி மாஸ்டர். அது இத்தனை நாள் தெரியாமப் போச்சு." அவள் குரல் உடையவில்லை. நோயாளிகளிடம் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிற அதே குரல்தான். "அக்கா முகத்தைப் பாக்க முடியல. வேலைக்கு வந்துட்டா இங்கயே இருந்துடறேன்."

இதுதான் தருணம். மாஸ்டர் வாயைத் திறந்தார். மனப்பாடம் செய்த வார்த்தைகள் வரிசையில்தான் நின்றன. ஆனால் வாசலுக்கு வந்தது வேறு எதுவோ.

"பயிற்சி போதாதும்மா. போகப்போகச் சரியாகும்," என்றார்.

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே விழுந்தது. பஞ்சு தலையாட்டினாள். உள்ளே போய் ஒரு பெரிய எக்ஸ்ரே உறையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். அதற்குள் மடித்து வைத்த கறுப்பு பெல்ட்.

"இது எனக்கு வேண்டாம் மாஸ்டர். தகுதி இருக்கறவங்களுக்குக் குடுங்க."

வாங்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். வாங்கிக்கொண்டார். சிவப்பு பல்பு மறுபடி எரிந்தது, கதவு மூடிக்கொண்டது.

பஸ்ஸில் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து ஒரு புண்ணியவதி எழுந்து இடம் கொடுத்தாள். "உக்காருங்க அண்ணா. எங்க முறிவு?" என்று கேட்டாள்.

"இடுப்பு," என்று சொல்லி மாஸ்டர் உட்கார்ந்துவிட்டார். இறங்குகிற வரை அந்த அம்மாள் வலி எப்படி, தூக்கம் உண்டா, மாத்திரை உடம்புக்குச் சூடாகிறதா என்று விசாரித்தபடியே வந்தாள். மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். இடுப்பில் மூன்று ஆணிகள் வரைக்கும் போய்விட்டது. அந்தப் பயணம் இன்னும் இரண்டு நிறுத்தம் நீண்டிருந்தால் அவர் உயிரோடு இறங்கியிருப்பதே சந்தேகம்.

அன்றைய வகுப்பை, எங்கோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று சொல்லி ரத்து செய்தார். வீட்டில் மனைவி உறையைப் பிரித்து, உள்ளே கையை விட்டு பெல்ட்டை இழுத்தாள்.

"இதென்ன, ஆஸ்பத்திரியில இப்ப இதையெல்லாம் படம் பிடிக்கறாங்களா?"

மாஸ்டர் நடந்ததைச் சொன்னார். பஸ் அம்மாளை மட்டும் விட்டுவிட்டார். மனைவி பெல்ட்டை மடியில் வைத்து நீவிக்கொண்டே கேட்டாள்.

"அவ தன்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொன்னாளா?"

"ஆமா."

"நீங்க இல்லைன்னு சொன்னீங்களா?"

மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"கட்டில்ல இருந்து இறங்கறப்பகூட ஒரு காலை வச்சுப் பாத்துட்டுத்தான் அடுத்த காலை வைக்கறீங்க. நான் பக்கத்துல படுத்துக்கிட்டு ஆறு வருஷமாப் பாக்கறேன். என் தம்பிகிட்டகூடச் சொன்னதில்ல. வெளிய தெரிஞ்சா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு." பெல்ட்டை உறைக்குள் போட்டாள். "இப்ப அந்தப் பொண்ணு மனசுல போய் உக்காந்திருக்கே, அது உங்க பயம். அதை எப்ப எடுத்துக்கப் போறீங்க?"

மாஸ்டருக்கு இருபது வருடத்தில் முதல்முறையாக மனைவி பாவாடை என்று கிண்டல் செய்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

மறுநாள் மத்தியானம், பஞ்சு வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவள் வீட்டுக்குப் போனார். எங்கே விழ வேண்டியவரோ அங்கே போகாமல் பக்கத்தில் போய்ப் பழகியவர் அல்லவா. அக்கா முன்னறையில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. ஊசி முனைக்குக் கீழே பாதி தைத்த பள்ளிச் சட்டை ஒன்று, போன வியாழக்கிழமை நின்ற இடத்திலேயே நின்றது. இடது கையால் ஊசியில் நூல் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாஸ்டர். நூல் கோக்கத் தெரியுமா?"

மாஸ்டர் கோத்துக் கொடுத்தார். மூன்று தடவை தவறி நாலாவதில் போனது.

"பரவால்ல. கையில ஏதோ இருக்கு," என்றாள் அக்கா. "ஒரு சந்தேகம் கேக்கணும் உங்ககிட்ட. உங்க கலையில விழறவங்களுக்கு அடி படாதாமே. பக்கத்துல நிக்கறவங்களுக்கு ஏதாவது ஏற்பாடு உண்டா?"

"மன்னிச்சுக்கங்க..."

"நான் அதுக்குக் கேக்கல. அவ விழுந்ததைப் பாத்தேன் மாஸ்டர். அவ்வளவு அழகு. அந்த அழகுல மயங்கித்தான் பையை விடணும்கறதே மறந்துட்டேன்." சிரித்தாள். சிரித்ததில் கை அசைந்து முகம் சுருங்கியது. "அவ சின்ன வயசுல தெரு நாயைக் கல்லால அடிச்சு என்னைக் காப்பாத்தினவ. பயந்தவ இல்ல. அதான் எனக்குப் புரியல. ஒண்ணு சொல்லுங்க. இந்த ஏழு வருஷத்துல அவ ஒரு ஆளையாவது கீழ தள்ளியிருக்காளா?"

மாஸ்டர் நூல்கண்டைப் பார்த்தார்.

"இல்ல."

"ஒருத்தரைக்கூட?"

"ஒருத்தரைக்கூட இல்ல. முதல் வருஷம் விழ மட்டும் கத்துக்கிட்டா, அப்புறம் நான் விடல. எனக்கு விழப் பயம். அவளை நான் விழறதுக்கு மட்டும்தான் வச்சிருந்தேன்."

அக்கா கட்டுப் போட்ட கையை எடுத்து மிஷின்மேல் வைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். அவள் அந்த உபகாரத்தைச் செய்யவில்லை.

"இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நான் போய்ச் சொன்னா, அக்கா சமாதானப்படுத்தறான்னுதான் நெனைப்பா. என்கூட உக்காந்து சாப்பிட்டு அஞ்சு நாளாச்சு. நாளைக்கு அவளை அனுப்பி வைக்கறேன். வரமாட்டேன்னா, இந்தக் கட்டோட நானே வந்து உங்க மெத்தையில உக்காந்துடுவேன்னு சொல்றேன். நீங்களே சொல்லுங்க."

புதன்கிழமை பஞ்சு வந்தாள். வெள்ளை உடை போட்டிருந்தாள், இடுப்பில் பெல்ட் இல்லாமல் ஏதோ ஒரு நாடாவைக் கட்டியிருந்தாள். ஆரம்பக்காரர்கள் உட்காருகிற கடைசி இடத்தில் போய் உட்கார்ந்தாள். மாஸ்டர் எட்டுப் பேரையும் அவளையும் வரிசையாக மண்டியிட்டு உட்கார வைத்து, எதிரில் தானும் உட்கார்ந்தார். உட்காரும்போது முதலில் ஒரு கையைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டதைத் தானே கவனித்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார். "ஆறு வருஷமா நான் விழல. விழப் பயம். கால் தவறி ஒரு குழியில விழுந்தேன், நாலடி. அதுல இருந்து பயம். அதை மறைக்கறதுக்காகப் பஞ்சுவை மட்டும் விழ வச்சு, நான் எறியறதா உங்களுக்குக் காட்டிட்டு இருந்தேன். அவ எறியறதுக்கு நான் இடமே குடுக்கல. அந்தக் கறுப்பு பெல்ட்டைக் குடுத்ததும் தப்பு, இப்ப அவகிட்ட இருந்து வாங்கினதும் தப்பு. வியாழக்கிழமை நடந்ததுக்கு நான்தான் காரணம்."

வரிசையில் முதலில் இருந்த ஒருவர் மெல்லத் தலை குனிந்து வணங்கினார். அவரைப் பார்த்து அடுத்தவர். ஒன்பது தலைகளும் மெத்தையைத் தொட்டன.

"எவ்வளவு பெரிய பாடம்," என்றது ஒரு குரல். "மாணவன் தப்பைக் குரு தன் தலையில ஏத்துக்கறார்."

"அந்தக் குழின்னு சொன்னாரே, அது ஆணவம்," என்று இன்னொரு குரல் விளக்கியது. "நாலடின்னா நாலு நிலை."

மாஸ்டர் பதறிப் போனார். "யோவ், குழின்னா குழிதான்யா. லிஃப்டுக்குக் கீழ இருக்கற குழி."

"லிஃப்ட்," என்று அந்தக் குரல் பரவசத்தோடு திருப்பிச் சொன்னது. "ஏற்றம், இறக்கம்."

மச்சினன் மட்டும் தலையைத் தூக்கி மாஸ்டரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பஞ்சு நிமிரவே இல்லை. நெற்றி மெத்தையில் இருந்தபடியே, "எனக்காக நீங்க இப்படியெல்லாம் பேச வேண்டாம் மாஸ்டர்," என்றாள்.

இத்தனை வருடமாக அவர் கையை அசைத்தால் விழப் பழகியவர்கள், இப்போது அவர் வாயை அசைத்தாலும் விழுந்தார்கள். உண்மையைச் சொன்னால்கூட அது அவர்களை எறிந்துவிட்டது. இனி பேசிப் பலனில்லை என்று மாஸ்டருக்குப் புரிந்தது. எழுந்தார், கடைசி இடத்துக்குப் போனார்.

"எழுந்திரும்மா."

பஞ்சு எழுந்தாள். அவர் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். "என்னைத் தள்ளு."

பிடித்த மறு நொடி பஞ்சு காற்றில் சுழன்று விழுந்தாள். சத்தமே இல்லை. எழுந்து, கையைத் தளர விட்டுக்கொண்டு, நின்றாள். யாரோ மெதுவாக ஆஹா என்றார்கள்.

"நீ விழாத. என்னைத் தள்ளு."

மறுபடி பிடித்தார். மறுபடி விழுந்தாள். மூன்றாம் முறையும் அப்படியே. அந்த மூன்று முறையும் அவர் முறுக்கவே இல்லை, சும்மாதான் பிடித்தார். அது இப்போது எட்டுப் பேருக்கும் தெரிந்தது. ஆஹா சொன்ன வாய் மூடிக்கொண்டது. பஞ்சுவும் தன் மணிக்கட்டைப் பார்த்தாள், பிறகு அவர் கையைப் பார்த்தாள்.

"நீங்க ஒண்ணுமே பண்ணல," என்றாள்.

"ஆமா."

"நானா விழறேன்."

"நான் பழக்கினேன். நிஜமாவே எனக்குப் பயம்மா. என் பொண்டாட்டியக் கேட்டுப் பாரு. உன் அக்காகிட்ட நேத்து சொன்னேன், கேட்டுப் பாரு. உன்கிட்ட சொல்லத்தான் தைரியம் இல்ல. ஆஸ்பத்திரியில உன் எதிர்ல நின்னு, பயிற்சி போதாதுன்னு சொல்லிட்டு வந்தேன். நீ பயந்தாங்கொள்ளின்னு சொன்னப்ப சும்மா இருந்தேன். அந்தப் பேரு எனக்குச் சேர வேண்டியது."

பஞ்சு அவரை நேராகப் பார்த்தாள். ஏழு வருடத்தில் அவள் அவர் கையைத்தான் பார்த்திருக்கிறாள், முகத்தைப் பார்த்ததில்லை. அவள் கழுத்தில் ஏதோ ஒன்று மெல்ல ஏறியது. மாஸ்டர் அதற்கு முன் அவளிடம் பார்த்திராத ஒன்று என்பதால் அது கோபம் என்று புரியக் கொஞ்ச நேரமானது.

"அன்னைக்கு அந்த ரோட்டுல நின்னுட்டு இருந்தேன் மாஸ்டர். அடுத்து என்னன்னே தெரியல. அக்கா என் பேரைச் சொல்லிக் கூப்பிடறா. அப்பவும் நின்னுட்டு இருந்தேன்." குரல் இப்போது உடைந்தது. "ஆறு நாளா அவ தட்டுல சாப்பாட்டை வச்சுட்டு அடுத்த அறைக்குப் போயிடறேன். அவ இடது கையால சாப்பிடறதைப் பாக்க முடியாம."

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியாது."

"சரி. தெரியாது."

அவர் இன்னும் மணிக்கட்டை விடவில்லை. பஞ்சு அந்தக் கையை இழுத்தாள். அவர் விடவில்லை. மறுபடி இழுத்தாள், தோளால் அவர் நெஞ்சில் முட்டினாள், முழங்கையால் இடித்தாள், எந்தப் புத்தகத்திலும் இல்லாத கோணத்தில் ஒரு திருகு திருகினாள். ஜப்பானில் யாராவது பார்த்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். மாஸ்டருக்குத் தரை தெரிந்தது. கைகள் தாமாகவே எதையாவது பிடிக்கத் தேடின. மச்சினன் எழ எத்தனித்ததைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். பிறகு விழுந்தார்.

உருளவில்லை, சுழலவில்லை. ஆறு வருடம் மழையில் நின்ற பலகை சாய்கிற மாதிரி மொத்தமாகச் சாய்ந்தார். கூடம் முழுவதும் தூசி எழுந்தது. டயர் கடையில் ஒரு கணம் வியாபாரமே நின்றுபோனது. இடுப்பில் தொடங்கிய வலி பல்லுக்குப் போய்த் திரும்பி வந்தது.

யாரும் கை தட்டவில்லை. நாலு நிலையைக் கண்டுபிடித்தவர்கூட வாயைத் திறக்கவில்லை.

பஞ்சு மூச்சு வாங்கிக்கொண்டு மேலே நின்றாள். அவள் கை தளரவில்லை, இறுகி இருந்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"நடிக்கலையே?"

"இல்லம்மா. நல்லா வலிக்குது."

"பயமா இருந்துச்சா?"

"இன்னும் இருக்கு."

மன்னித்தேன் என்று சொல்வாள் என அவர் நினைக்கவில்லை, அவளும் சொல்லவில்லை. "நாளைக்கு அக்காவுக்குக் கட்டு மாத்தணும். பத்து மணிக்கு," என்றாள். "நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க. எனக்கு டூட்டி."

"வரேன்."

"ஆறு வாரத்துக்கும்."

"வரேன்மா."

அவள் வணங்காமல் திரும்பி, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். மச்சினன் வந்து மாஸ்டரின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தான். மாஸ்டர் வேண்டாம் என்று அவன் கையைத் தட்டிவிட்டார். படிக்கட்டிலிருந்து பஞ்சு போனில் பேசுவது மேலே கேட்டது.

"அக்கா, வந்துட்டே இருக்கேன்... சாப்பிடலாம், இரு, நானும் வந்துடறேன்... இல்ல, அழல. மாஸ்டரைத் தள்ளிட்டேன்... இல்லக்கா, அவரா விழல. நான்தான் தள்ளினேன்." கொஞ்சம் இடைவெளி. பிறகு குரல் படியேறி வந்தது. "மாஸ்டர், எழுந்துட்டீங்களான்னு அக்கா கேக்கறா."

மாஸ்டர் எழ முயன்று பார்த்தார். ஒரு முழங்கை உயர்ந்தது, மீதி உடம்பு ஒத்துழைக்கவில்லை.

"இன்னும் இல்லன்னு சொல்லு," என்றார்.